கேட்டலும் கேட்கப்படுதலும்

தமிழிலே 'கேள்' என்னும் வினை இரு தொழிலுக்கு உரியது. பிறரை வினவுதலும் கேட்டலே. அவர் கூறும் விடையைச் செவியிற் கொள்ளுதலும் கேட்டலே. பெயராய் நிற்குமிடத்து அச்சொல் உறவினனையும் நண்பனையும் குறிக்கும். வேர் ஒன்றோ பலவோ, அதனை மொழிநூல் வல்லார் ஆராய்க. விடையில் மனமின்றி வினவுவதும், வினவாமலே வாளா செவிசாய்த்திருப்பதும் பாதித் தொழில்களே என்பதுதான் யான் இங்குக் கூறப் புகுந்தது. ஆசிரியரிடத்துக் கற்பதைப் 'பாடங் கேட்டல்' என்றனர் நம் முன்னோர். திருவள்ளுவரும் கல்வி, கல்லாமை என்னும் அதிகாரங்களை அடுத்துக் கேள்விக்கென ஓர் அதிகாரம் வகுத்துள்ளார். நமக்கோ, 'கேள்வி' என்றவுடன் வினாத்தாள் நினைவுக்கு வருகின்றது. விடுதியில் இராவுணவுக்குப் பின் நிகழும் வாதங்களிலோ எதிரியை மடக்க எறியும் கல்லுக்குத்தான் கேள்வி என்று பெயர். அக்கல்லை எறிந்தவருள் யானும் ஒருவன்.

என் ஊர் காரைக்கால். அங்கே அம்மையார் கோயிலும், தேற்றரவு அன்னை ஆலயமும், மஸ்தான் சாகிபு தர்காவும் ஒரே நகரத்துள் இருக்கின்றன. ஆனித் திங்களில் மாங்கனித் திருவிழா நிகழும், கந்தூரியும் நிகழும், எங்கள் தேரும் புறப்படும். இதனைக் காட்டி, 'எங்கள் ஊரில் மும்மதமும் ஒற்றுமை' என்று வெளியூராரிடம் யாங்கள் பெருமை பேசுவோம். பேசுவதில் பொய்யில்லை. எனினும் அருகருகே வாழ்வதும் ஒருவரோடொருவர் பேசுவதும் ஒன்றாகா. ஒருவர் திருவிழாவை மற்றவர் வேடிக்கை பார்க்கிறோம், பலகாரம் மாற்றிக்கொள்கிறோம், வீடு திரும்புகிறோம். அந்த நாள் அவர்க்கு என்ன பொருள் தருகின்றது என்று எத்தனை பேர் வினவினோம்? கண் பழகிய அளவு செவி பழகவில்லை. சண்டையில்லாமையை ஒற்றுமையென்று எண்ணி மனநிறைவு கொள்வது எங்கள் ஊர்க்கு மட்டும் உரிய குறையன்று. ஆயினும் எங்கள் ஊரை வைத்தே யான் அதனைக் கண்டுகொண்டேன்.

வினவவும் விடை கேட்கவும் முயன்ற ஒருவர் வரலாற்றை அறிய நெடுந்தூரம் செல்ல வேண்டுவதில்லை. காரைக்காலுக்கு வடக்கே ஏறக்குறைய 15 கிலோமீட்டரில் இருப்பது தரங்கம்பாடி. 1739-இல் காரைக்கால் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்ததற்கு முன்பே, 1620 முதல் அங்கே டேனியர் கோட்டை கட்டி வாணிகம் செய்து வந்தனர். டென்மார்க்கு மன்னர் அனுப்ப, 1706-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 9-ஆம் நாள் அத்துறையில் வந்திறங்கினார் ஜெர்மானியராகிய பார்த்தலோமேயு சீகன்பால்கு. வயது 24 நிரம்ப ஒரு நாள் குறைவு. வந்தவர் தமிழ் கற்க விரும்பித் திண்ணைப் பள்ளி ஆசிரியர் ஒருவரை வேண்டி, அப்பள்ளியைத் தம் இல்லத்திலேயே நடத்தச் செய்து, சிறு பிள்ளைகளோடு தரையில் அமர்ந்து மணலில் விரலால் எழுத்தெழுதிப் பழகினார். போதிக்க வந்தவர் முதலில் மாணாக்கருள் மாணாக்கராக அமர்ந்த இக்காட்சி என் உள்ளத்தை விட்டு நீங்குவதில்லை.

இந்நாட்டார் நாகரிகமற்றவர், இவர் மொழிக்கு இலக்கண வரம்பில்லை என்னும் எண்ணத்தோடு தாம் வந்ததாகவும், மொழியைக் கற்றபின் அவ்வெண்ணம் தகர்ந்ததாகவும் அவரே எழுதியுள்ளார். 1708-இல் நீதிவெண்பா, கொன்றைவேந்தன், உலகநீதி ஆகியவற்றை ஜெர்மன் மொழியில் பெயர்த்தார். அதே ஆண்டில் தாம் திரட்டிய தமிழ்ச் சுவடிகளுக்குக் குறிப்புகளோடு ஒரு பட்டியலும் வகுத்தார். சைவம், வைணவம், சமணம் என்னும் பாகுபாடின்றி நூல்கள் அதில் இடம்பெற்றன. தமிழ் படிக்கும் என் போன்றார்க்கு அப்பட்டியல் ஒரு வியப்பு. நம்மவரே தொடத் தயங்கிய சுவடிகளை ஓர் அயலார் வீடு வீடாகத் தேடியிருக்கிறார்.

இவற்றினும் பெரிதாக யான் கருதுவது அவர் எழுதுவித்த மடல்கள். 1712 முதல் 1714 வரை, அவரும் அவர் உடனூழியரும் தமிழர் பலருக்குக் கேள்விகள் விடுத்து, எழுத்தில் விடை பெற்றனர். கடவுள், படைப்பு, சாதி, திருமணம், மருத்துவம், பள்ளிக்கூடம் எனப் பொருள்கள் பல. அவ்விடைகளுள் 99 மடல்கள் ஜெர்மன் மொழியில் பெயர்க்கப்பட்டு, ஹாலே நகரில் அச்சேறின. நீங்கள் கிறிஸ்தவரை வெறுப்பதேன் என்பதும் கேட்கப்பட்ட வினாக்களுள் ஒன்று. விடையில் முகத்துதி இல்லை. இவர்கள் பசுவைக் கொன்று தின்கிறார்கள், குடித்து வெறிக்கிறார்கள், நீராடித் தூய்மை பேணுவதில்லை, கண்ட இடத்தில் உமிழ்கிறார்கள், இவர்கள் போதிக்கும் நெறி நல்லதாயின் இவர்கள் நடை ஏன் இவ்வாறிருக்கின்றது என்னும் கருத்துப்பட எழுதி வந்தது. அவ்விடையை அவர் கிழித்தெறியவில்லை. மொழிபெயர்த்துத் தம்மை அனுப்பியோர் படிக்குமாறு ஐரோப்பாவுக்கு அனுப்பினார். தன்னைப் பழிக்கும் சொல்லைத் தன் கையாலேயே பெயர்த்தெழுதித் தன் நாட்டாருக்கு அனுப்புதல் எளிய செயலா?

இவ்விடத்தில் யான் அவரைத் தெய்வமாக்கி விடலாகாது. அவர் வினவியது மதமாற்றத்தை நாடியே. அச்சிட்ட மடல்களின் அடியில் மறுப்புக் குறிப்புகள் வரிசையாக நிற்கின்றன. விடை கூறியவர்க்கு அக்குறிப்புகளுக்கு எதிருரை கூற வாய்ப்பில்லை. மடல்களுட் பெரும்பகுதி அவருடைய துபாஷியாயிருந்த அழகப்பன் எழுதியதாகவோ எழுதுவித்ததாகவோ இருத்தல் வேண்டுமென்று ஆராய்ச்சியாளர் கருதுகின்றனர். அங்ஙனமாயின், பல குரலென நாம் எண்ணுவது, கூலி கொடுப்பவர் மனமறிந்து பேசிய ஒரு குரலாகவும் இருக்கலாம். தமிழ் மூலம் நம் கையில் இல்லை. ஜெர்மன் பெயர்ப்பே உண்டு. எனவே ஒரு செவியை மட்டும் திறந்து வைத்த கேள்வி அது என்று யாரேனும் கூறின், யான் மறுக்கமாட்டேன். ஆனால் இரு செவியும் மூடியிருந்த காலத்தில் அந்த ஒரு செவி என்ன பாடுபட்டது என்பதையும் நோக்குதல் வேண்டும்.

1713-இல் அவர் தமிழ்நாட்டுத் தெய்வங்களைப் பற்றி ஒரு பெருநூல் எழுதி ஹாலேக்கு அனுப்பினார். அங்குத் தலைவராயிருந்த பிராங்கே அதனை அச்சிட உடன்படவில்லை. அஞ்ஞானத்தை வேரறுக்க அனுப்பப்பட்டவர்கள் அதனை ஐரோப்பாவிற் பரப்புவது தகாது என்பது அவர் துணிபு. கையெழுத்துப்படி உறங்கிற்று. 1719-இல் சீகன்பால்கு 36 வயதில் தரங்கம்பாடியிலேயே காலமானார். நூலோ 1867-இல் சென்னையில் முதன்முறையாக அச்சேறிற்று. இடையே சென்றவை 154 ஆண்டுகள்! பிறர் சொல் கேட்பவனுக்கு முதல் இடர் எதிர்த்தரப்பிலிருந்து வருவதில்லை. தன் தரப்பிலிருந்தே வருகின்றது.

யான் உரோமன் கத்தோலிக்கன். சீகன்பால்கு லுத்தரன் சபையினர். எங்கள் சபையைப் பற்றி அவர் இனிய சொற்கள் கூறியவர் அல்லர். எங்களவராகிய வீரமாமுனிவரும் வாளாவிருக்கவில்லை. தரங்கம்பாடியாரை எதிர்த்து வேதவிளக்கம், பேதக மறுத்தல், லுத்தேரினத்தியல்பு என நூல்கள் இயற்றினார். தேம்பாவணி பாடிய பெருமான், சைவப் புலவரிடத்தும் சமண நூலிடத்தும் தமிழ் கற்கத் தயங்காதவர், தம்மைப் போலவே கிறிஸ்துவை வணங்கிய அயலூராரிடம் சொற்போர் மட்டுமே நிகழ்த்தினார். அப்போரினால் தமிழ் உரைநடை வளம் பெற்றது. இரு சபையாரின் உறவு வளம் பெறவில்லை. தொலைவில் உள்ளவன் பேச்சைக் கேட்பதினும் அண்டை வீட்டான் பேச்சைக் கேட்பது அரிது போலும்.

தமிழ்ச் சிறப்பு வகுப்பில் யான் சேர்ந்தபோது உறவினர் ஒருவர், 'தேவாரமும் திவ்வியப் பிரபந்தமும் ஓதி ஓதி உன் விசுவாசம் என்னாகும்?' என்று கவலையோடு வினவினார். அவர் அச்சத்தை யான் எள்ளவில்லை. மாற்றார் கூற்றை நெஞ்சு திறந்து கேட்பவன் தன் நிலையை இழப்பான் என்பது பலர் எண்ணம். இதற்கு உ. வே. சாமிநாதையர் வாழ்க்கை ஒரு விடை. 1880-இல் அவர் கும்பகோணத்திற் கல்லூரி ஆசிரியராய் அமர்ந்தார். அவ்வாண்டே சேலம் இராமசுவாமி முதலியாரின் தூண்டுதலால் சீவகசிந்தாமணியைப் பாடஞ் சொல்லத் தொடங்கினார். பிரபந்தங்களும் புராணங்களும் கரை கண்டவர்க்கு அச்சமண காவியத்திற் பல இடங்கள் விளங்கவில்லை. ஊகித்து உரை கூறி அவர் அமையவில்லை. அந்நகரிலேயே சமணர் வாழ்வதை அறிந்து அவர்கள் இல்லம் சென்றார். சென்ற நாளில் அங்கே சிந்தாமணி படித்து நிறைவேறிய விழா நிகழ்ந்துகொண்டிருந்ததாம். ஏட்டில் அகப்படாத பொருள் அக்கூடத்தில் வழங்கும் பேச்சாக இருந்தது. அவர் வினவினார், அவர்கள் கூறினர், எழுதிக்கொண்டார், மீண்டும் மீண்டும் சென்றார். 1887-இல் சிந்தாமணி அச்சில் வந்தது. திருநீறு அணிந்த நெற்றியோடு சமணர் இல்லம் புகுந்த ஐயர், திருநீற்றோடே திரும்பினார். ஆனால் சமணத்தைப் பற்றி அவர் அறியாமல் கொண்டிருந்த கருத்துகள் திரும்பவில்லை. இதனை என் உறவினருக்குக் கூறினேன். 'அவர் ஐயர், நீ சிறுவன்' என்றார். அதுவும் உண்மையே.

இனி யான் கூறப்போவது என் சொந்தப் பிழை.

மாங்கனித் திருவிழாவில், பிச்சாண்டவர் வீதியுலா வரும்போது மாடிகளிலிருந்தும் திண்ணைகளிலிருந்தும் மாம்பழங்களை வாரி வீசுவர். எனக்குப் பன்னிரண்டு வயது இருக்கும். எங்கள் அண்டை வீட்டு ஆச்சி விருந்தினர் பலர் சூழ இருந்த இடத்தில் ஒரு பழத்தை எடுத்து என்னிடம் நீட்டினார். 'படைத்ததை நாங்கள் உண்ணமாட்டோம்' என்றேன். சொன்ன சொல்லைக் காட்டிலும் சொன்ன குரல் கொடியது. ஞானோபதேச வகுப்பிற் பரிசு வாங்கிய சிறுவனின் குரல் அது. ஆச்சி முகஞ் சுளிக்கவில்லை. உள்ளே சென்று வேறொரு பழம் கொணர்ந்து, 'இது படைக்காதது தம்பி, சந்தையில் வாங்கினபடியே இருக்கிறது' என்றார். வாங்கித் தின்றேன். நன்றி சொன்னதாக நினைவில்லை.

சென்ற ஆண்டு பெரியபுராணத்தில் அம்மையார் வரலாறு எங்களுக்குப் பாடமாயிற்று. கணவன் அனுப்பிய இரு கனிகளுள் ஒன்றைப் பசித்து வந்த அடியார்க்கு இட்டுவிட்டு, மற்றொன்றைக் கணவனுக்குப் படைத்தார். அவன் இரண்டாவதும் வேண்ட, இறைவனை இரந்து பெற்ற கனியை அளித்தார். அதன் சுவை வேறாதல் கண்டு, 'இது எங்கே பெற்றாய்?' என்றான் பரமதத்தன். அம்மையார் உள்ளதை உரைத்தார். அவனுக்கு அவ்விடையைத் தாங்க இயலவில்லை. முதலில் நம்பவில்லை, நம்பிய பின் அஞ்சி ஓடினான். வினவத் தெரிந்து விடை கொள்ளத் தெரியாதவன் என்று அவனைப் பற்றி எழுதி வைத்தேன். (சைவப் பெரியோர் பொறுத்தருள்க.) எழுதிய மாத்திரத்தில் என் பன்னிரண்டாம் வயது நினைவுக்கு வந்தது. அவனாவது வினவினான், யான் அதுவும் செய்யவில்லை.

விடுமுறையில் ஊர் சென்றபோது ஆச்சியிடம் போனேன். ஆனித் திங்கள் அணுகியிருந்தது; கூடத்தில் கூடை நிறையப் பழம். பழைய நிகழ்ச்சியைச் சொல்லி வருந்தினேன். அவருக்கு அது மறந்துபோயிருந்தது, அல்லது மறந்தவர் போல் இருந்தார். 'பழம் வீசுகிறீர்களே, ஆச்சி, உங்களுக்கு அது என்ன?' என்று கேட்டேன். பிள்ளை வரம், வேண்டுதல் என்று விடை வருமென்பது என் எண்ணம். ஆச்சி சிறிது நேரம் பேசவில்லை.

'அம்மையார் யாரையும் கேட்காமல் பழத்தைக் கொடுத்தார் அல்லவா? வருஷத்தில் அந்த ஒரு நாள்தான், கூடையில் எத்தனை பழம், யாருக்குக் கொடுத்தாய் என்று இந்த வீட்டில் யாரும் என்னிடம் கணக்குக் கேட்பதில்லை' என்றார்.

யான் கற்ற உரைகளில் இவ்வுரை இல்லை. தலைகுனிந்து அமர்ந்திருந்தேன். அப்போது அவர் என்னைக் கேட்டார்: 'நானும் ஒன்று கேட்கலாமா, தம்பி? உன் அக்காள் கல்யாணத்துக்கு உங்கள் கோயிலுக்கு வந்தேன். பூசையில் எல்லாரும் வரிசையாகப் போய் அப்பம் வாங்கினார்கள். நானும் எழுந்தேன். உன் அம்மா கையைப் பிடித்து உட்கார வைத்துவிட்டாள். ஏன்?'

ஞானஸ்நானத்தைப் பற்றியும், நற்கருணையின் பொருளைப் பற்றியும் யான் அறிந்தவற்றையெல்லாம் எடுத்துக் கூறினேன். அவை யான் உண்மையென்று நம்புபவை. ஒன்றையும் குறைத்துக் கூறவில்லை. ஆச்சி குறுக்கிடாமல் முழுதும் கேட்டார். முடித்த பின், 'நீ சொன்னது விளங்குகிறது. ஆனால் அன்றைக்கு எனக்கு எப்படி இருந்தது என்று இதுவரை யாரும் கேட்கவில்லை' என்றார்.

'சொல்லுங்கள், ஆச்சி' என்றேன்.

எங்களுக்கிடையே இருந்த கூடையை நகர்த்தி வைத்துவிட்டு அவர் சொல்லத் தொடங்கினார்.