ஏணி இருக்கு... ஏற வழி இருக்கா? வடசென்னை கால்பந்து பசங்க கேட்கும் கேள்வி

தண்டையார்பேட்டை,

சாயங்காலம் 5 மணி ஆனால் போதும். தண்டையார்பேட்டை, வியாசர்பாடி, ராயபுரம், காசிமேடு என்று வடசென்னையில் காலி இடம் இருக்கிற பக்கமெல்லாம் பந்து உருளும். ஷூ இருக்கிறவன் ஷூவோடு, இல்லாதவன் வெறுங்காலோடு. ஊரே கிரிக்கெட் பைத்தியம் பிடித்து அலைந்த காலத்திலும் இந்தப் பக்கத்துப் பசங்க பந்தை விடவில்லை. வியாசர்பாடிக்கு 'குட்டி பிரேசில்' என்று பேர் வந்ததும் அதனால்தான்.

ஆனால் ஒரு கேள்வி மட்டும் ரொம்ப நாளாக தொக்கி நிற்கிறது. நல்லா ஆடுகிற பையன் மேலே போகிறான். நல்லா ஆடுகிற டீம் மேலே போக முடியுமா?

மே மாதம் ராத்திரியில் டி.வி. முன்னால் உட்கார்ந்து இங்கிலாந்து மேட்ச் பார்க்கிற பசங்களுக்கு இந்தக் கேள்வி நன்றாகவே புரியும். அங்கே இரண்டாம் டிவிஷனுக்கு 'சாம்பியன்ஷிப்' என்று பெயர். 24 அணி. ஆளுக்கு 46 ஆட்டம். முதல் 2 இடம் பிடிக்கிற அணிகள் நேராக பிரீமியர் லீக்குக்குப் போய்விடும். மிச்சம் இருப்பது ஒரே ஒரு டிக்கெட். அதற்குத்தான் 'பிளே-ஆப்' என்ற அடிதடி. 1987-ல் ஆரம்பித்த முறை இது. நடுவில் நிற்கிற அணிக்கும் கடைசி வாரம் வரை உயிர் இருக்க வேண்டும் என்பது கணக்கு.

ரூ.1,700 கோடி ஆட்டம்

2023-ம் ஆண்டு நடந்ததைப் பாருங்கள். லூட்டன் என்று ஓர் ஊர். லண்டனுக்கு வடக்கே இருக்கிறது. நம்ம எண்ணூருக்கு அசோக் லேலண்ட் மாதிரி அந்த ஊருக்கு வாக்ஸால் கம்பெனி. (அந்த பேக்டரியும் 2025-ல் மூடப்பட்டுவிட்டது.) ஊர் அணியின் மைதானத்தில் அப்போது சுமார் 10 ஆயிரம் பேர்தான் உட்கார முடிந்தது. வெளியூர் ரசிகர்கள் உள்ளே போகிற வழி, வரிசை வீடுகளுக்கு நடுவில் போகிறது. படி ஏறினால் கீழே வீட்டுக் கொல்லைப்புறத்தில் துணி காயும். நம்ம பக்கத்து சந்துதான், வேறொன்றும் இல்லை.

இந்த லூட்டன் டவுன் அணி 2009-ல் ஐந்தாவது டிவிஷனுக்கு விழுந்தது. அங்கிருந்து படிப்படியாக ஏறி வந்து, 2023 மே 27-ந் தேதி வெம்பிளி மைதானத்தில் பிளே-ஆப் இறுதிப்போட்டியில் கவன்ட்ரி சிட்டியை சந்தித்தது. ஆட்டம் 1-1. பெனால்டியில் 6-5. அந்த ஒரு வெற்றிக்கு குறைந்தது 17 கோடி பவுண்டு மதிப்பு என்று கணக்குப் போட்டார்கள். நம்ம ரூபாயில் சுமார் 1,700 கோடி!

ஐந்தாவது டிவிஷனில் லூட்டனுக்கு ஆடிய பெல்லி ருடாக் எம்பான்சு, அதே சட்டையோடு பிரீமியர் லீக்கிலும் ஆடினார். அதற்கு முன்பு யாரும் இப்படி ஒரே அணியோடு ஏறியது இல்லை. லூட்டன் அடுத்த வருஷமே கீழே இறங்கிவிட்டது, 2025-ல் இன்னும் ஒரு படி இறங்கியது என்பது தனிக்கதை. ஏறுவதும் இறங்குவதும் கிரவுண்டில் முடிவாகிறது. அதுதான் விஷயம்.

பாம்பு இல்லாத பரமபதம்

நம்ம நாட்டுக்கு வருவோம். 2014-ல் ஐ.எஸ்.எல். ஆரம்பித்தபோது அதில் ஏணியும் கிடையாது, பாம்பும் கிடையாது. காசு கட்டியவருக்கு இடம். பழைய ஐ-லீக் பக்கத்திலேயே தனியாக நடந்தது.

இந்த நேரத்தில்தான் சென்னை சிட்டி அணி ஒரு சாதனை செய்தது. 2019 மார்ச் 9-ந் தேதி. கடைசி ஆட்டம். ஜெயித்தால் சாம்பியன். மினர்வா பஞ்சாப் அணியிடம் ஆரம்பத்திலேயே கோல் வாங்கி, பிறகு 3-1 என்று திருப்பி அடித்தது சென்னை சிட்டி. 43 புள்ளி. ஈஸ்ட் பெங்காலுக்கு 42. ஒரே ஒரு புள்ளியில் ஐ-லீக் கோப்பை தமிழ்நாட்டுக்கு வந்தது. (பேர்தான் சென்னை. ஆடியது கோவை நேரு ஸ்டேடியத்தில்.)

கோப்பை வந்தது. ஐ.எஸ்.எல். கதவு திறக்கவில்லை. அதே ஆண்டு அக்டோபரில், ஐ.எஸ்.எல்.தான் இனி முதல் லீக் என்ற திட்டத்துக்கு ஆசிய கால்பந்து கூட்டமைப்பு ஓ.கே. சொன்னது. ஐ-லீக் சாம்பியனை மேலே ஏற்றும் முறை 2022-23 சீசனில்தான் வந்தது. 2023-ல் பஞ்சாப் அணி ஏறியது. 2024-ல் கொல்கத்தா முகமதன் ஸ்போர்ட்டிங் ஏறியது. ஆக, சென்னை சிட்டி நாலு வருஷம் முன்கூட்டியே ஜெயித்துத் தொலைத்துவிட்டது! இன்று அந்த அணி ஐ-லீக்கிலேயே இல்லை.

ஏணி வந்தும் பாம்பு வரவில்லை. 2024-25 சீசன் வரை ஐ.எஸ்.எல்.லில் இருந்து ஒரு அணிகூட கீழே இறக்கப்படவில்லை. அந்த சீசனில் கடைசி இடம் முகமதனுக்கு. அதுவும் அப்படியே நீடித்தது.

சரி, ஏணியாவது ஒழுங்காக இருக்கிறதா? 2025 ஏப்ரல் 6-ந் தேதி ஐ-லீக் ஆட்டங்கள் முடிந்தன. சர்ச்சில் பிரதர்ஸ் சாம்பியன் என்று அறிவித்தார்கள். தகுதி இல்லாத வீரரை நாம்தாரி அணி இறக்கிவிட்டது என்று இன்டர் காசி அணி போட்ட புகார் சுவிட்சர்லாந்து விளையாட்டு தீர்ப்பாயம் வரை போனது. ஜூலை 18-ந் தேதி தீர்ப்பு. இன்டர் காசிதான் சாம்பியன்! இங்கிலாந்தில் 120 நிமிஷமும் பெனால்டியும் போதும். இங்கே மூன்று மாதமும் வக்கீலும் வேண்டியிருந்தது.

ஆபீஸ் டீம் கதை

இந்தப் பக்கத்து அப்பாக்களுக்கு கால்பந்து என்றால் கோப்பை இல்லை, வேலை. ரெயில்வே, ஐ.சி.எப்., துறைமுகம், கஸ்டம்ஸ், பேங்க். ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் உள்ளே போனால் பென்ஷன் வரை கவலை இல்லை. இந்தியன் வங்கி அணி தேசிய லீக் வரை போய் ஆடியது.

ஆனால் கிளப் லைசென்ஸ் விதிகள் வந்த பிறகு ஆபீஸ் டீம்களுக்கு மேல்தட்டில் இடம் இல்லாமல் போனது. 2013-ல் ஏர் இந்தியா, ஓ.என்.ஜி.சி. அணிகளையே ஐ-லீக்கை விட்டு வெளியேற்றினார்கள். 2023-ல் ஐ-லீக் 3 என்று புது படி ஒன்று வைத்தார்கள். மாநில சங்கம் பேர் கொடுக்கிற அணி அதில் ஆடலாம். அதாவது சென்னை லீக்கில் ஜெயித்து, மாநிலம் பேர் கொடுத்து, ஐ-லீக் 3, ஐ-லீக் 2, ஐ-லீக் என்று மூன்றையும் தாண்டினால்தான் ஐ.எஸ்.எல். காகிதத்தில் லூட்டனுக்கு இருந்த அதே ஏணிதான். ஆனால் ஒவ்வொரு படியிலும் ரெயில் டிக்கெட், ஓட்டல் வாடகை, கோச் சம்பளம். ஏரியா டீமுக்கு இந்தத் துட்டை யார் கொடுப்பது?

அதனால் பையன்கள் தனித்தனியாகத்தான் ஏறுகிறார்கள். வடசென்னைப் பையன் தனபால் கணேஷ் 2018-ல் சென்னையின் எப்.சி. கோப்பை வென்றபோது நடுக்களத்தில் நின்றார். 2023 ஆகஸ்ட் 12-ந் தேதி டுராண்ட் கோப்பையில் மோகன் பகானை 1-0 என்று ஈஸ்ட் பெங்கால் சாய்த்தது. தொடர்ந்து 8 டெர்பி தோற்ற பிறகு கிடைத்த வெற்றி. கோல் அடித்தவர் சென்னையின் நந்தகுமார் சேகர். அவரும் ஒரு காலத்தில் சென்னை சிட்டி சட்டை போட்டவர்தான்.