தாங்கி எங்கே நிற்கிறது?

"ஹீட் பம்ப் தண்ணீர் ஹீட்டர் போடலாமோ அண்ணை?" என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது, தாங்கி எங்கே நிற்கிறது என்றுதான். இந்தக் கருவி சுற்றியுள்ள காற்றின் சூட்டை இழுத்துத் தண்ணீருக்குக் கொடுக்கிறது. அதனால்தான் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு இரண்டு, மூன்று யூனிட் சூடு கிடைக்கிறது. ஆனால் ஜனவரியில், வெளியே மைனஸ் 15 பாகை இருக்கும்போது, பேஸ்மென்ட் காற்றைச் சூடாக்குவது யார்? நம்முடைய ஃபர்னஸ். அதற்கும் நாம்தான் காசு கட்டுகிறோம்.

ஸ்காபரோவில் பல வீடுகளில் கீழே வாடகைக்கு ஆட்கள் இருக்கிறார்கள். தாங்கி நிற்பதோ அவர்கள் படுக்கையறையை ஒட்டிய, அலுமாரி அளவு அறையில். அங்கே இதை வைத்தால் குளிர்காற்றும் விசிறிச் சத்தமும் அவர்களுக்கு, மிச்சம் பிடிப்பது நமக்கு. எனக்கு இது நியாயமாகப் படவில்லை. கதவை இறுக்கி மூடினாலோ காற்றுப் போதாமல் பம்ப் திணறும். உள்ளே இருக்கும் சாதாரண ஹீட்டிங் கொயில்தான் வேலை செய்யும், மின்கட்டணமும் பழையபடி ஏறும்.

விசாலமான, ஆளில்லாத பேஸ்மென்ட், ஏற்கெனவே மின்சாரத் தாங்கி என்றால் தாராளமாகப் போடலாம். கோடையில் அறையின் ஈரத்தையும் இழுத்துவிடும். டீஹியூமிடிஃபயர் வாளியைத் தூக்கி ஊற்றும் வேலை குறையும். எரிவாயுத் தாங்கியை வாடகைக்கு எடுத்தவர்கள் மட்டும், அந்த ஒப்பந்தத்தை முறிக்க எவ்வளவு கேட்கிறார்கள் என்று முதலில் விசாரியுங்கள்.