வானம் தோண்டுமுன் எழுதிக்கொள்ளுங்கள்

கலியாணம் பண்ணிப் பார், வீட்டைக் கட்டிப் பார் என்பது நம் நாட்டுப் பழமொழி. இவ்விரண்டையும் ஒருசேரச் செய்து பார்க்கும் நிலை நம் சமுதாயத்தில் பலருக்கும் நேர்கிறது. காயல்பட்டினம், கீழக்கரை போன்ற கடற்கரை ஊர்களில் பெண்மக்களுக்குத் திருமணத்தின்போது வீடு கொடுப்பது நெடுநாளைய வழக்கம். தந்தையார் வளைகுடா நாட்டிலோ சிங்கப்பூரிலோ உழைத்துக்கொண்டிருப்பார். ஊரில் தாயாரும் வயது முதிர்ந்த பாட்டனாரும் கட்டட வேலையைக் கவனித்துக்கொண்டிருப்பார்கள். நிக்காஹுக்கு நாள் குறித்தாகிவிட்டிருக்கும். மேல்தளம் இன்னும் போட்டிருக்காது. இந்த அவசரத்தில், ‘நம் ஆள்தானே’ என்னும் நம்பிக்கையில், ஒரு மேஸ்திரியிடமோ காண்டிராக்டரிடமோ வேலையை வாய்ப்பேச்சாக ஒப்படைத்துவிடுகிறோம். ஆறு மாதம் சென்றதும் அதே மனிதரோடு பேச்சே அற்றுப்போகிறது.

“மேஸ்திரி ஏமாற்றிவிட்டார்” என்கிறார் வீட்டுக்காரர். “செய்த வேலைக்கே பணம் வரவில்லை” என்கிறார் மேஸ்திரி. இருவரும் ஒரே பள்ளிவாசலில் ஒரே ஸஃப்பில் நின்று தொழுபவர்களாயிருந்தால், ஊர் இரண்டுபடுகிறது. மேஸ்திரி சகோதர சமயத்தவராயிருந்தால், நம்மைப் பற்றி மட்டுமன்றி, நம் மார்க்கத்தைப் பற்றியும் அவர் ஒரு முடிவுக்கு வந்துவிடுகிறார். இருபது ஆண்டு வியர்வையில் எழும்பும் வீடு, குடிபுகும் நாளன்றே ஒரு பகையைச் சுமந்துகொண்டு நிற்கிறது.

நாணயமற்றவர்கள் சிலர் இருக்கத்தான் செய்கிறார்கள். ஆயினும் பெரும்பாலான தகராறுகளுக்கு வேர் அதுவன்று; பேசவேண்டியதைப் பேசாமலும், எழுதவேண்டியதை எழுதாமலும் விட்டதே வேர் என்பது என் உறுதியான கருத்து.

எண்ணிப் பாருங்கள். ‘சதுரத்துக்கு இவ்வளவு’ என்று விலை பேசுகிறோம். நூறு சதுர அடி ஒரு சதுரம் என்பது இருவருக்கும் தெரியும். எங்கிருந்து எதுவரை அளப்பது என்பதை இருவருமே பேசுவதில்லை. உள்ளளவு பத்துக்குப் பத்தாக உள்ள ஒரு தனி அறை 100 சதுர அடி. நான்கு புறமும் ஒன்பது அங்குலச் சுவர் எழுப்பி வெளியளவு எடுத்தால், அதே அறை பதினொன்றரைக்குப் பதினொன்றரை. அதாவது 132 சதுர அடிக்கும் சற்று மேல். அறைகள் சேர்ந்து அமையும்போது இந்த வேறுபாடு குறையுமே தவிர, மறையாது. வீட்டுக்காரர் மனத்தில் இருப்பது உள்ளளவு. மேஸ்திரி மனத்தில் இருப்பது வெளியளவு. இதில் பொய் சொன்னவர் யார்? இருவரும் அல்லர். மாடிப்படி, முகப்பு, பரண், கைப்பிடிச் சுவர், தண்ணீர்த் தொட்டி, கழிவுநீர்த் தொட்டி ஆகியவை பேசிய விலைக்குள் அடக்கமா, தனிக் கணக்கா என்ற கேள்வியும் இத்தகையதே.

‘நல்ல சாமான் போடுங்கள்’ என்கிறோம். நல்ல சாமான் என்பதற்கு அளவு உண்டா? எந்தச் சிமெண்டு, எந்தக் கம்பி, எந்தச் செங்கல், பூச்சுக் கலவை ஒன்றுக்கு நான்கா, ஒன்றுக்கு ஆறா என்று கேட்டு எழுதினால்தான் அச்சொல்லுக்குப் பொருள் பிறக்கும். கூலி மட்டுமா, பொருளும் சேர்ந்தா? சாரம், சென்டரிங் பலகை, தண்ணீர், மின்சாரம் யார் பொறுப்பு? மணல் விலை இடையில் ஏறினால் யார் ஏற்பது? இவ்வளவும் வானம் தோண்டுமுன் தீரவேண்டியவை.

குறை மேஸ்திரியின் பக்கம் மட்டும் இல்லை. எழுப்பிய சுவரை இடிக்கச் சொல்லி, சன்னலை இடம் மாற்றச் சொல்லி, ‘இதையும் சேர்த்துச் செய்துவிடுங்கள்’ என்று வாய்க்கு வந்தபடி ஏவுபவர்கள் நாம். ஒவ்வொரு மாற்றமும் ஒரு புதிய வேலை. அதற்கு ஒரு புதிய விலை உண்டு. அதை அன்றே கேட்டு அன்றே குறித்துக்கொள்ளாமல், இறுதிக் கணக்கில் கண்டதும் திடுக்கிடுவது நியாயமாகாது. அதுபோலவே, ஒரு வீட்டில் வாங்கிய முன்பணத்தை மற்றொரு வீட்டு வேலைக்குத் திருப்பிவிடும் காண்டிராக்டர், தம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதத்திற்குத் துரோகம் செய்கிறார்.

திருமறையின் மிக நீண்ட வசனம் எதைப் பற்றியது என்று சிந்தித்ததுண்டா? இரண்டாம் அத்தியாயத்தின் 282ஆம் வசனமே அது. தவணை குறித்த கடனை எழுதிக்கொள்ளுமாறும், எழுதுபவர் நீதியோடு எழுதுமாறும், சாட்சிகளை வைத்துக்கொள்ளுமாறும், சிறிதாயினும் பெரிதாயினும் எழுதச் சோம்பலாகாது என்றும் அது போதிக்கிறது. கைக்குக் கை மாறும் வியாபாரத்திற்கு மட்டுமே அதில் சலுகை உண்டு. வீடு கட்டுவது கைக்குக் கை மாறும் வியாபாரமன்று. முன்பணம் பெற்ற மேஸ்திரி வேலைக்குக் கடன்பட்டவர். வேலை முடியமுடிய வீட்டுக்காரர் பணத்திற்குக் கடன்பட்டவர். கடன்பட்டவரே வாசகத்தைச் சொல்லவேண்டும் என்கிறது அவ்வசனம். ஆகவே மேஸ்திரி தம் வாயால் வேலையைச் சொல்லட்டும். நீங்கள் உங்கள் வாயால் தவணையைச் சொல்லுங்கள். இரண்டையும் ஒரே தாளில் எழுதி, இருவரும் ஒவ்வொரு படி வைத்துக்கொள்ளுங்கள்.

“எழுதக் கேட்டால், நம்மை நம்பவில்லையே என்று அவர் வருந்துவாரே!” எனச் சிலர் தயங்குகிறார்கள். நிக்காஹின்போது மஹரைப் பள்ளிவாசல் பதிவேட்டில் எழுதுகிறோம். அதனால் மாப்பிள்ளையை நம்பவில்லை என்று பொருளா? எழுத்து நம்பிக்கைக்குப் பகையன்று, அதன் காவல்.

பணத்தைப் பொறுத்தவரை, வேலையின் நிலைகளைப் பார்த்துக் கொடுப்பதே முறை. கடைக்கால் முடிந்ததும் ஒரு பங்கு, லிண்டல் மட்டத்தில் ஒரு பங்கு, தளம் போட்டதும் ஒரு பங்கு, பூச்சுக்கும் தரைக்கும் ஒரு பங்கு, குறைகளைச் சரிசெய்து சாவி தரும்போது எஞ்சியது என்று வகுத்துக்கொள்ளுங்கள். பணம் வேலையை முந்தவும் வேண்டாம், பிந்தவும் வேண்டாம். பிந்தினால் பாதிக்கப்படுபவர் காண்டிராக்டர் மட்டுமல்லர். சனிக்கிழமை மாலை கூலிக்குக் காத்து நிற்கும் சித்தாள் பெண்ணும் வெறுங்கையோடு திரும்புகிறாள். வேலையை முழுமையாக வாங்கிக்கொண்டு கூலி கொடாதவனுக்கு எதிராக மறுமையில் அல்லாஹ்வே வழக்காடுவான் என்று ஸஹீஹ் புகாரியில் காணும் நபிமொழி எச்சரிக்கிறது. மதீனாவில் மஸ்ஜிதுன் நபவிக்காகத் தேர்ந்த நிலம் இரண்டு அநாதைச் சிறுவர்களுடையது. அவர்கள் இலவசமாகவே தர முன்வந்தும், அண்ணல் நபி (ஸல்) அவர்கள் விலை கொடுத்தே அதைப் பெற்றார்கள். கட்டுமானத்தில் தாமும் கல் சுமந்தார்கள்.

கையிருப்புக்கு மேல் திட்டமிடுவதும் தகராறுக்கு வாசல். நபித்துவத்திற்கு முன்னர்க் குறைஷியர் கஅபாவைப் புதுப்பித்தபோது, தூய வருவாயை மட்டுமே செலவிடுவது என்று முடிவு செய்தார்கள். பணம் போதவில்லை. வட்டிப் பணத்தைக் கலக்காமல், கட்டடத்தையே சுருக்கினார்கள். இன்றும் ஹிஜ்ர் பகுதி சுவருக்கு வெளியே நிற்கிறது. அறியாமைக் காலத்தவருக்கு இருந்த அந்தக் கட்டுப்பாடு நமக்கு வேண்டாமா? மாடி பிறகு எழலாம். வட்டிக் கடன் மாடியை முந்திக்கொண்டு எழும்.

அவசரமும் ஆபத்தானது. சாதாரணச் சிமெண்டுக் கான்கிரீட்டைக் குறைந்தது 7 நாளும், கலப்புச் சிமெண்டானால் அல்லது வெப்பம் மிகுந்த வறண்ட காலமானால் 10 நாளும் ஈரம் காயாமல் காக்கவேண்டும் என்பது இந்தியத் தர நிர்ணய விதி. நான்கரை மீட்டருக்கு மேல் அகலமுள்ள தளத்திற்கு 14 நாள் கழிந்தே முட்டுகளை எடுக்கவேண்டும். நிக்காஹ் நாளுக்காகச் சிமெண்டு விரைந்து இறுகாது. இக்கால அளவையும் ஒப்பந்தத்தில் சேர்த்து எழுதினால், ‘தாமதம் செய்கிறார்’ என்ற வீண்பழி மேஸ்திரிக்கு வராது.

இவ்வளவுக்குப் பின்னும் பிணக்கு வந்தால், முதலில் இருவருக்கும் பொதுவான ஒரு பொறியாளரை அழைத்து அளந்து பாருங்கள். பல சண்டைகள் அளவுநாடாவின் முன் அடங்கிவிடும். அடுத்து, ஊர்ப் பெரியவர்களை, ஜமாஅத்தை நாடுங்கள். அதுவும் பயன்தராவிடில் சட்டம் இருக்கிறது: வீடு கட்டித் தருவதும் ஒரு சேவையே என்று 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் ஏற்கிறது, வழக்குக்குக் காரணம் எழுந்த 2 ஆண்டுகளுக்குள் முறையிடவேண்டும். மூன்று இடங்களிலும் உங்களிடம் முதலில் கேட்கப்படுவது ஒன்றே: எழுதிய தாள் எங்கே?

மனை வாங்கியதும் செங்கல் விலை கேட்கப் புறப்படும் சகோதரரே, அதற்கு முன் ஒரு மாலைப்பொழுதை ஒதுக்குங்கள். மேஸ்திரியை வீட்டுக்கு அழைத்துத் தேநீர் கொடுங்கள். வெளிநாட்டில் இருந்தால் தொலைபேசியிலாவது உடனிருங்கள். வேலையைக் கவனிக்கப்போகும் உங்கள் மனைவியாரும் அருகிருந்து கேட்கட்டும். வரிக்கு வரி பேசி எழுதுங்கள். அந்த ஒரு மாலை பின்னர் வரக்கூடிய பல மாத மனக்கசப்பைத் தவிர்க்கும். பகையின்றி எழும் வீட்டில்தான் பரக்கத் தங்கும். அத்தகைய இல்லங்களை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.