ஊர் சுற்றுவோம்: கேட்டியிலிருந்து மலைநாட்டுக்கு



சென்ற இதழில் பழைய கார் வாங்கும்போது கவனிக்க வேண்டியவற்றை எழுதியிருந்தோம். அதைப் படித்த இரண்டு மூன்று குடும்பத்தார், "கார் வாங்கியாச்சு, இனி எங்க போறது?" என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. வேலை, வீடு, மரக்கறிக் கடை, கோயில் என்று நான்கு மூலைக்குள் ஓடிக்கொண்டிருந்தால் இந்த நாடு கேட்டியோடு முடிந்துவிடுகிறது என்றே பிள்ளைகள் நினைப்பார்கள். ஆகவே இம்முறை ஒரு பயணம்.

கேட்டி தட்டை நிலம். போன நூற்றாண்டில் நெல் விளைந்த பூமி இது. பழைய கேட்டிப் பக்கம் போனால் நெல் உலர்த்திய உயரமான களஞ்சியங்களை இன்றும் காணலாம். கிளிநொச்சி வயல்வெளியில் வளர்ந்த எமக்கு இந்தத் தட்டை நிலம் புதிதல்ல, மலைதான் புதிது. யாழ்ப்பாணத்தாரைக் கேட்டால் கீரிமலை என்பார்கள். அங்கே கேணியும் கடலும் உண்டே தவிர மலையைக் காணோம். எமது வீட்டில் உண்மையான மலையைக் கண்டு வளர்ந்தவர் மாமி ஒருவரே. ஹற்றன் பக்கத் தோட்டத்தில் பிறந்து, 1977 கலவரத்தோடு வன்னிக்கு வந்தவர். போகலாமா என்று கேட்டதும் முதலில் காரில் ஏறியவரும் அவரே.

ரெக்சாஸ் மாநிலத்தின் நடுப்பகுதியை 'ஹில் கன்ட்ரி' என்கிறார்கள். நாம் மலைநாடு என்றே எழுதுகிறோம். எங்கள் ஊரை ஊடறுத்துப் போகும் அதே ஐ-10 நெடுஞ்சாலையில் மேற்கே பிடித்தால் சான் அன்ரோனியோ. அதைத் தாண்டி ஐம்பது மைலளவில் கொம்பேர்ட் என்ற சிற்றூர். கேட்டியிலிருந்து அவ்வளவும் ஏறக்குறைய 220 மைல். அங்கே வலப்பக்கம் 87ஆம் இலக்க வீதியில் திரும்பி இருபது மைல் சொச்சம் போனால் பிரெட்ரிக்ஸ்பேர்க். விடிய ஐந்து மணிக்கு வெளிக்கிட்டால் ஒன்பதுக்குப் போய்ச் சேரலாம்.

சான் அன்ரோனியோவைத் தாண்டியதும் நிலம் மடிப்பு மடிப்பாக எழும்பத் தொடங்கும். சுண்ணாம்புக்கல் குன்றுகள், கருவாலி மரங்கள், பள்ளத்தில் பச்சைத் தண்ணீரோடு ஆறுகள். நாம் போனது பங்குனிக் கடைசி. வீதியோரமெல்லாம் நீலப் பூ, மாநிலப் பூவான புளூபொனற். பிள்ளைகள் கத்திக் கூப்பாடு போட்டார்கள். மாமி மட்டும் கண்ணாடியால் எட்டிப் பார்த்துவிட்டு, "இதை மலை எண்டு சொல்லுறாங்களோ? மேடு" என்றார். அவர் சொல்வதிலும் பிழையில்லை. நுவரெலியா 6,000 அடிக்கு மேல். இங்கே ஊர்கள் 1,400, 1,700 அடியில்தான் இருக்கின்றன.

ஆனால் நாம் எழுத வந்தது மலையைப் பற்றியல்ல, ஊர்களைப் பற்றி.

இந்த ஊர்களைக் கட்டியவர்கள் ஜேர்மன்காரர். 1840களில் ஜேர்மனியின் பிரபுக்கள் சிலர் சங்கம் ஒன்று அமைத்து, ரெக்சாசில் காணி தருவதாகச் சொல்லி ஆயிரக்கணக்கான குடும்பங்களைக் கப்பல் ஏற்றினார்கள். இறங்கிய கடற்கரையில் வீடும் இல்லை, வண்டியும் இல்லை. 1846இல் மெக்சிக்கோவோடு போர் தொடங்க, வண்டிகளும் மாடுகளும் பட்டாளத்துக்குப் போய்விட்டன. சனம் மாதக்கணக்காகக் கூடாரத்திலும் குழியிலும் மழைக்குள் கிடந்தது. நோய் வந்து நூற்றுக்கணக்கில் செத்தார்கள். 2009இல் முகாமில் கூடாரத்துக்குள் மழைத் தண்ணீர் ஏற ஏறப் பிள்ளைகளைத் தூக்கி வைத்திருந்த எம்மவருக்கு இதை விளக்கத் தேவையில்லை.

தப்பியவர்களில் சுமார் 120 பேர் 1846 ஏப்ரல் 23இல் நியூ பிரவுன்பெல்சிலிருந்து மாட்டுவண்டியில் புறப்பட்டு, பதினாறாம் நாளான மே 8இல் வந்து சேர்ந்த இடம்தான் பிரெட்ரிக்ஸ்பேர்க். காரில் இன்று ஒன்றரை மணி நேரம். ஆளுக்கு ஊருக்குள் ஒரு துண்டும் வெளியே பத்து ஏக்கரும் கிடைத்தன. அந்த நிலம் வெறும் நிலமல்ல, கொமாஞ்சி மக்கள் திரிந்த நிலம். குடியேற்றத்துக்குத் தலைவராக இருந்த மொய்செபாக் 1847இல் அவர்களோடு ஒப்பந்தம் செய்தார். முறிக்கப்படாத ஒப்பந்தம் என்று ஊரார் பெருமையாகச் சொல்வார்கள். இருக்கலாம். ஆனால் 1875 அளவில் கொமாஞ்சிகளில் கடைசியானவர்களும் ஒக்லஹோமாவில் ஒதுக்கிய நிலத்துக்குள் அடைபட்டார்கள். கடைத்தெருவில் அவர்களுடைய கடை ஒன்றையும் நாம் காணவில்லை.

பிரதான வீதி மாட்டுவண்டி திரும்புமளவுக்கு அகலமாகப் போடப்பட்டதாம். இரு பக்கமும் வெள்ளைச் சுண்ணாம்புக்கல் கட்டடங்கள். பிள்ளைகளுக்கு ஒரு விளையாட்டு: சந்தைச் சதுக்கத்திலிருந்து கிழக்கே போகும்போது குறுக்கு வீதிகளின் முதல் எழுத்துகளைக் கூட்டினால் 'எல்லோரும் வாருங்கள்' என்று ஆங்கிலத்தில் வரும். மேற்கே போனால் 'திரும்ப வாருங்கள்' என்று வரும். எமது மகன் இரண்டையும் எழுதி முடிக்கும்வரை எங்களை நடக்க வைத்துவிட்டான். கடைகளில் விலை அதிகம். பார்த்தால் போதும், வாங்க வேண்டியதில்லை. சதுக்கத்தில் எட்டு மூலைக் கட்டடம் ஒன்று நிற்கிறது. 1847இல் எல்லாச் சபையாருக்கும் பொதுக் கோயிலாகவும் பள்ளிக்கூடமாகவும் கட்டியதை 1897இல் இடித்துவிட்டு, பிறகு மனம் கேளாமல் 1935இல் அதே மாதிரி திரும்பக் கட்டியிருக்கிறார்கள்.

முன்னோடிகள் அருங்காட்சியகத்துக்குக் கட்டணம் உண்டு, கொடுக்கலாம். அங்கே 'ஞாயிறு வீடு' ஒன்றைப் பாருங்கள். 1904இல் கட்டியது. தூரத்துப் பண்ணைகளில் இருந்தவர்கள் சனிக்கிழமை சாமான் வாங்கவும் ஞாயிறு கோயிலுக்குப் போகவும் ஊருக்குள் கட்டிய சின்ன வீடு. ஒரு அறை, மேலே பிள்ளைகள் படுக்கப் பரண். கிழமை முழுவதும் தனியாகக் காட்டில் கிடந்துவிட்டு, இரண்டு நாளாவது தங்கள் மொழி பேசும் சனத்துக்குள் இருக்க வேண்டுமென்று ஒரு வீடு! எமது மனைவி வாசலில் நெடுநேரம் நின்றார். தொழிற்சாலையில் நாள் முழுக்க யாரோடும் தமிழில் ஒரு சொல் பேசாமல் வால்வுக்கு முறுக்காணி பூட்டும் எமக்கும் அந்த வீட்டின் அருமை விளங்கியது.

அங்கே வயதான தொண்டர் ஒருவர் நின்றார். நீங்கள் ஜேர்மன் பேசுவீர்களா என்று கேட்டோம். பாட்டியும் தாயும் பேசினார்கள், தனக்கு எண்ணவும் சாப்பாட்டு மேசையில் சொல்லும் செபமும் மட்டும் தெரியும் என்றார். பிள்ளைகளுக்கு? தலையை ஆட்டிச் சிரித்தார்.

வீட்டுக்கு வந்து தேடிப் படித்தோம். இந்தப் பக்கத்து ஜேர்மன் பேச்சுக்கு 'ரெக்சாஸ் ஜேர்மன்' என்றே பெயர். 1940 அளவில் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் பேசினார்கள். பள்ளிக்கூடமும் கோயிலும் அதில்தான் நடந்தன. பிரெட்ரிக்ஸ்பேர்க்கில் 1877இல் தொடங்கிய வாரப்பத்திரிகை 1940கள் வரை ஜேர்மனில் அச்சாகியது. முதலாம் உலகப் போரில் ஜேர்மனி எதிரி நாடாக, 1918இல் பள்ளிகளில் ஆங்கிலத்தில்தான் படிப்பிக்க வேண்டும் என்று மாநிலம் சட்டம் போட்டது. வெளியே பேச வெட்கமும் பயமும் வந்தன. பிள்ளைகள் வேலைக்காக நகரத்துக்குப் போனார்கள். ஒஸ்ரின் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஹான்ஸ் போவாஸ் 2001 முதல் மிஞ்சியவர்களின் பேச்சை ஒலிப்பதிவு செய்து வருகிறார். அவர்களில் பெரும்பாலானோர் எழுபதைத் தாண்டியவர்கள். ஊரில் ஜேர்மன் பெயருள்ள கடைகளுக்குக் குறைவில்லை, இறைச்சிக் குழலும் புளித்த கோவாவும் தாராளமாகக் கிடைக்கின்றன. பேச்சுத்தான் இல்லை. போரும் சட்டமும் பாதி வேலையைச் செய்தன என்றால், மீதியை "பிள்ளைக்கு ஆங்கிலம் வந்தால் காணும்" என்று வீட்டுக்குள்ளேயே செய்திருக்கிறார்கள் என்றுதான் எமக்குப் படுகிறது. நாமும் மகனோடு வீட்டுப்பாடம் செய்யும்போது எந்த மொழியில் பேசுகிறோம் என்பதை இங்கே எழுத விரும்பவில்லை.

மத்தியானம் புட்டும் சம்பலும் காரின் பின்கதவைத் திறந்துவைத்துச் சாப்பிட்டோம். நேரமிருப்பவர்கள் வடக்கே பதினேழு மைல் போனால் 'என்சான்ரட் றொக்' இருக்கிறது. தரையிலிருந்து 425 அடி எழும்பி நிற்கும் இளஞ்சிவப்புக் கருங்கல் மொட்டை. யானை படுத்திருப்பது போலிருக்கும். முன்கூட்டியே இணையத்தில் பதிந்துவிட்டுப் போங்கள், வார இறுதியில் நிறைந்ததும் வாசலை மூடிவிடுவார்கள். மாமி பாதிவரை ஏறி, கல்லில் குந்தியிருந்து, "சரி, இது மலைதான்" என்று ஒத்துக்கொண்டார்.

திரும்பும் வழியில் கொம்பேர்ட்டில் இறங்கினோம். 'ஆறுதல்' என்று பொருள்படும் பெயர். 1854இல் உண்டான ஊர். பிரெட்ரிக்ஸ்பேர்க்கார் காணிக்காக வந்தவர்கள். இங்கே வந்தவர்களிலோ, 1848இல் ஜேர்மனியில் நடந்த கிளர்ச்சி தோற்றபின் நாட்டை விட்டு ஓடி வந்தவர்களும் இருந்தார்கள். எம்மைப் போல் அகதிகள் என்று சொல்லலாம். படித்தவர்கள், மதப்பற்று இல்லாதவர்கள். ஊரில் முதல் தேவாலயம் 1890களில்தான் எழும்பியது.

1861இல் ரெக்சாஸ் ஐக்கிய நாட்டை விட்டுப் பிரிந்து அடிமை முறையைக் காக்கும் தென் மாநிலங்களோடு சேர்ந்தது. இந்தப் பகுதி ஜேர்மன்காரரில் பலர் அதற்கு உடன்படவில்லை. அடுத்த ஆண்டு இளைஞர்களைக் கட்டாயமாகப் படைக்குப் பிடிக்கும் சட்டம் வந்தது. அறுபதுக்கும் மேற்பட்டோர் மெக்சிக்கோவுக்குத் தப்பிப் போகக் குதிரையில் புறப்பட்டார்கள். 1862 ஆகஸ்ட் 10 விடியுமுன் நுவேசஸ் ஆற்றங்கரையில் படை சுற்றி வளைத்தது. பத்தொன்பது பேர் அங்கே செத்தார்கள். காயத்தோடு பிடிபட்ட ஒன்பது பேரைப் பின்னர் சுட்டார்கள். தப்பியவர்களில் சிலர் சில மாதம் கழித்து எல்லை ஆற்றைக் கடக்கும்போது கொல்லப்பட்டார்கள். உடல்களைப் புதைக்க யாரும் இல்லை. மூன்று வருடம் கிடந்தன. போர் முடிந்தபின் 1865இல் உறவினர்கள் போய் எலும்புகளைப் பொறுக்கிக் கொண்டுவந்து கொம்பேர்ட்டில் புதைத்தார்கள். 1866 ஆகஸ்ட் 10இல் அதன்மேல் சுண்ணாம்புக்கல் தூண் ஒன்றை நிறுத்தினார்கள்.

ஹை ஸ்ரீற்றில் புல் தரைக்கு நடுவே இன்றும் நிற்கிறது அந்தத் தூண். முன்னால் ஜேர்மன் மொழியில் 'ஐக்கியத்துக்கு விசுவாசம்' என்று பொறித்திருக்கிறது. மற்றப் பக்கங்களில் பெயர்கள். அக்காலத்து முப்பத்தாறு நட்சத்திரக் கொடி எப்போதும் அரைக்கம்பத்தில் பறக்கிறது. சுற்றிவர அவர்களைக் கொன்ற பக்கத்துச் சனம்; ஆனாலும் யாரும் இடிக்கவில்லை.

மகள் விரலால் தொட்டு ஒவ்வொரு பெயராக எழுத்துக்கூட்டி வாசித்தாள். பிறகு, "அப்பா, எங்கட சித்தப்பாவின்ர பேர் எங்க எழுதியிருக்கு?" என்றாள். எமது தம்பி 2009 மே மாதம் இல்லாமல் போனான். பத்தொன்பது வயது. எந்த இடம் என்றுகூடச் சொல்ல எமக்குத் தெரியாது. இப்போதைக்கு எங்கேயும் இல்லை என்று சொன்னோம். "எலும்பு எடுக்கேல்லையோ?" என்றாள். மாமி அவளைக் கூட்டிக்கொண்டு தண்ணீர் வாங்கித்தரப் போய்விட்டார்.

புறப்பட முன் குவாடலூப் ஆற்றைப் பாலத்திலிருந்து பார்த்தோம். கோடையில் குளிக்கப் போக நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இந்த ஆறு சாதுவாகத் தெரியும். 2025 யூலை 4 விடியற்காலை இதே ஆறு பெருகி நூற்றுக்கும் மேற்பட்டோரைக் கொண்டுபோனது, பலர் முகாமுக்கு வந்த பிள்ளைகள். ஆற்றோரம் கூடாரம் அடிக்காதீர்கள். மழை எச்சரிக்கை வந்தால் போகவே வேண்டாம். தண்ணீர் ஓடும் தாழ்வான பாலத்தில் காரை இறக்காதீர்கள், ஒரு அடி வெள்ளம் போதும் காரைத் தூக்க.

இரவு ஒன்பதரைக்குக் கேட்டி வந்தோம். ஒன்றரைத் தாங்கிப் பெற்றோல் போனது. பிள்ளைகள் பின்னால் நித்திரை. மகளுடைய கொப்பி மடியில் திறந்தபடி கிடந்தது. தூணிலிருந்து பார்த்து எழுதிய ஜேர்மன் பெயர்கள் ஏழெட்டு, அவற்றுக்குக் கீழே தமிழில், எழுத்துப் பிழையோடு, சித்தப்பாவின் பெயர். காலையில் 'ந'வை 'ன'வாக்கியதை மட்டும் திருத்திக் கொடுத்தோம்.

அடுத்த இதழில் கால்வெஸ்ரன் கடற்கரை.