சடங்குக்கு மேளம், நோவுக்கு மௌனம்

யாழ்ப்பாணத்தில் ஒரு பெண் பெரியபிள்ளையானால் ஊரே அறியும். பச்சை முட்டையும் நல்லெண்ணெயும் உழுத்தங்களியும் ஊட்டுகிறோம். கடன்பட்டேனும் மண்டபம் பிடித்துச் சாமத்தியச் சடங்கை நடத்தி முடிக்கிறோம். அதே பிள்ளை பின்னர் மாதந்தோறும் அடிவயிற்று நோவினால் சுருண்டு கிடந்தால், அதைப் பற்றி வாய் திறப்பது மானக்கேடாகிவிடுகிறது! பாடசாலைக்கு வரும் விடுமுறைக் கடிதத்தில் 'காய்ச்சல்' என்றே எழுதுகிறார்கள். மாதம் தவறாமல் வரும் இந்த விசித்திரக் காய்ச்சலைக் கண்டு எந்த ஆசிரியரும் வியந்ததாகத் தெரியவில்லை.

'பெண்ணாய்ப் பிறந்தால் பொறுக்கத்தான் வேண்டும்' என்பார்கள். ஏன் பொறுக்க வேண்டும்? கருப்பையின் உட்சவ்வில் உண்டாகும் புரொஸ்டகிளாண்டின் என்னும் பொருள் கருப்பைத் தசையை இறுக்குகிறது, தசைக்குச் செல்லும் இரத்தம் குறைகிறது, நோவு பிறக்கிறது. இதில் விதி எங்கே வந்தது? அப்பொருள் உண்டாவதைத் தடுக்கும் மெபனமிக் அமிலம் நாமெல்லாம் அறிந்த குளிசைதான். அது போதாதவர்களுக்குச் சூல் வெளிப்படுவதை நிறுத்தும் ஓமோன் குளிசைகளை வைத்தியர்கள் எழுதிக் கொடுக்கிறார்கள்.

இங்கேதான் நம் ஒழுக்கக் காவலர்கள் சீறி எழுகிறார்கள். அது குடும்பக் கட்டுப்பாட்டுக் குளிசையல்லவா? கலியாணமாகாத பிள்ளைக்குக் கொடுப்பதா? அயல் என்ன சொல்லும்? குளிசையின் மற்றைய பயன் அவர்களைக் கலங்க வைக்கிறது. பிள்ளையின் நோவு கலங்க வைக்கவில்லை. அவர்கள் கைவசமுள்ள மருந்தோ கலியாணம்! 'ஒரு பிள்ளை பெற்றால் எல்லாம் சரியாகிவிடும்' என்று பதினாறு வயது மாணவிக்கு வைத்தியம் சொல்கிறார்கள்.

குளிசைக்கும் அடங்காத நோவுக்கு வேறு காரணம் இருக்கலாம். கருப்பையின் உட்சவ்வை ஒத்த இழையம் அதற்கு வெளியே வளர்வது எண்டோமெற்றியோசிஸ். கருவளப் பருவப் பெண்களுள் ஏறத்தாழப் பத்தில் ஒருவருக்கு இது உண்டென உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. இதற்கென உள்ள கடும் மருந்துகள், மூளையிலிருந்து சூலகத்தை நோக்கிப் புறப்படும் கட்டளையையே மறித்துவிடுகின்றன. அக்கட்டளைக்குரிய ஓமோனின் அமைப்பு 1971இல் வெளிப்பட்டது. அத்துறை ஆய்வுக்காக ஷாலியும் கில்லெமினும் 1977இல் நோபல் பரிசில் பங்கு பெற்றனர். இம்மருந்தால் ஈஸ்திரஜன் குறைய நோவு தணிகிறது; எலும்பின் திண்மையும் குறைகிறது. ஆகவே வளரும் பிள்ளைக்கு எடுத்த எடுப்பிலே கொடுக்கத்தக்கதன்று. நோயை முதலில் நிச்சயித்து, நிபுணரின் கண்காணிப்பில், காலவரையறையோடு கொடுக்க வேண்டியது. ஆனால் காய்ச்சல் என்று மறைத்த நோயை எந்த நிபுணர் நிச்சயிப்பார்? அரசாங்க வைத்தியசாலையில் காசு கேட்கமாட்டார்கள்; அதன் படியேறவிடாமல் தடுப்பது நம் வீட்டு வெட்கமே.

1847இல் இங்கு வந்த சாமுவேல் கிறீன், மானிப்பாயில் மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். மகப்பேற்று நூலையும் தமிழாக்குவித்தார். அதே மண்ணில் இன்று, இனப்பெருக்கத் தொகுதிப் பாடம் வந்ததும் 'இதை வீட்டில் வாசியுங்கள்' என்று பக்கத்தைப் புரட்டுகிற விஞ்ஞான ஆசிரியர்கள் நம்மிடையே இருக்கிறார்கள்!