பிடித்தால் விடக் கூடாது: பிரிட்டனில் சாம்பல் அணிலுக்கு ஏன் இந்தச் சட்டம்?

லண்டன் புறநகர் வீடு ஒன்றின் பரணில் சாம்பல் அணில் புகுந்து வயரைக் கடிக்கிறது. கூண்டு வைத்துப் பிடித்து, பக்கத்துப் பூங்காவில் விட்டுவிடலாம்தானே? முடியாது. அது குற்றம்.

ஏன் இப்படி?

சாம்பல் அணிலின் பூர்வீகம் வட அமெரிக்கா. 1876-ல் இங்கிலாந்தின் செஷயர் பகுதியில் அழகுக்காக விடப்பட்டு, பின்னர் நாடெங்கும் பரவியது. பிரிட்டனின் சொந்த இனமான சிவப்பு அணிலுக்கு இது உணவில் போட்டி. போதாக்குறைக்கு, அதைக் கொல்லும் அம்மை வைரஸையும் பரப்புகிறது. ஆனால் சாம்பல் அணிலுக்குப் பெரும்பாலும் ஒன்றும் ஆவதில்லை. அதனால்தான் பிடித்த அணிலை மீண்டும் வெளியே விட, 1981 வனவிலங்குச் சட்டம் தடை போட்டது.

அப்போ பிடித்தவர் என்ன செய்வது?

நடைமுறையில், வதைக்காமல் கொல்வதுதான். தண்ணீரில் மூழ்கடித்தால் அதுவும் குற்றம். அதாவது, கூண்டு வைக்கும்போதே அணிலின் கதை முடிந்துவிடுகிறது.

கொல்ல மனமில்லையா?

அப்படியென்றால் பிடிக்காமல் இருப்பதே வழி. கூரையைத் தொடும் கிளைகளை வெட்டுங்க. பறவைத் தீனிக்குக் கம்பிக்கூடு போடுங்க. ஓட்டைகளைக் கம்பிவலையால் அடைங்க. ஆனால் அடைக்கும் முன், உள்ளே குட்டிகள் இல்லை என்று உறுதி செய்வது முக்கியம். தாய் வெளியே மாட்டிக்கொண்டால் குட்டிகள் பட்டினியில் சாகும்.