மலைவழியிற் பழுதுற்ற பை

நாகமலை, யானைமலை, அழகர்மலை, சிறுமலை என மதுரையைச் சூழ்ந்த குன்றுகளுக்கு விடுமுறை நாட்களிற் செல்லும் மாணவர் குழுக்கள் பெருகி வருதல் மகிழ்ச்சிக்குரியதே. ஆனால், தோட்பையின் நிறத்தையும் அறைகளின் எண்ணிக்கையையும் ஆராய்ந்து வாங்கும் நம்மவருள், அதன் பக்கிள் வழியில் முறிந்தால் யாது செய்வதென்று எண்ணிப் பார்ப்போர் மிகச் சிலர்.

சில ஆண்டுகளுக்கு முன், வனத்துறையின் அனுமதி பெற்றுச் சிறுமலையினின்றும் குட்லாடம்பட்டிப் பக்கமாக யாம் இறங்கி வருங்கால், உடன் வந்த மாணவர் ஒருவரின் இடைவார்ப் பக்கிள் முறிந்தது. இடுப்பு தாங்கிய பாரம் முழுவதும் தோளுக்கு ஏறிற்று. பை ஒருபுறம் சாய, உருளுங் கற்களின்மேல் இடறி விழுந்து அவர் முழங்காலிற் காயமுற்றார். அவர் பையில் இனிப்புப் பொட்டலம் முதல் இரண்டாவது கைப்பேசி வரை யாவும் இருந்தன. ஊசி ஒன்றே இல்லை. (எம்மிடத்தும் இல்லை என்பதை ஒளிப்பானேன்?) இறுதியில், முறிந்த பாதியின் வளையத்துள் எதிர்வாரை நுழைத்து உருவுமுடிச்சு இட்டோம். வாடிப்பட்டி வரை அது நெகிழவில்லை.

பக்கிளுக்குப் பகை நமது வெயில். நைலானும் அதனையொத்த பிளாஸ்டிக்கும் நெடுநாள் வெயிலிற் கிடந்தால் நொறுங்குந் தன்மை எய்தும். பையை மொட்டைமாடியிற் காயவிட்டு மறப்போர் இதனை அறிதல் நன்று. ஜிப்புக்குப் பகை செம்மண் தூசி. மூடிய பின்னும் ஜிப் வாய்பிளந்தால் பற்கள் தேய்ந்தன என்று பலர் கருதுவர். பெரும்பாலும் தேய்ந்தது ரன்னரே. அதனைத் தொடக்கத்துக்கு இழுத்து, பின்புறத்தின் இரு விளிம்புகளையும் சிறு குறட்டாற் சமமாக, மெல்ல நெரித்தால் பற்கள் மீண்டும் பொருந்தும். வலிந்து நெரித்தால் ரன்னர் உடையும். இது நிலைத்த செப்பமன்று. வீடு சேர உதவும்.

'புதுப்பை வாங்கினால் தீர்ந்தது, இத்தனை தொல்லை ஏன்?' என்பாருண்டு. கடைவீதியில் நின்று கேட்டால் கேள்வி நியாயமே, மலைச்சரிவிற் கடையில்லை. நகரிலுங்கூட, ஒரு பக்கிளுக்காக முழுப்பையையும் எறிதல் எமக்கு உடன்பாடன்று. குத்தூசியும் மெழுகுநூலுமாகத் தெருவோரம் அமர்ந்திருக்கும் செருப்புத் தைக்கும் தொழிலாளி சில நிமிடங்களில் வாரைத் தைத்துத் தருவார். பையைக் கொடுத்துவிட்டுத் தேநீர் அருந்தப் போகாமல், அருகில் நின்று அவர் கை போகும் வழியைப் பார்த்துவருக. தைப்பூசத்துக்குப் பழனி நடப்போருள் துணிமூட்டை சுமப்பாருக்கு இக்கவலை இல்லை. அதில் முறிவதற்கு ஒன்றுமில்லை. நாமோ பக்கிளை விரும்பினோம். அதன் பழுதையும் ஏற்றல் வேண்டும்.

குறுக்குச் சட்டத்திற் பிளவுடைய பக்கிள்கள் உண்டு. தையலைப் பிரிக்காமலே வாரின் மடிப்பை அப்பிளவின் வழியே நுழைத்துப் பொருத்தலாம். வாரின் அகலத்தை அளந்து அவ்வகையில் ஒன்று, கோணியூசி, நைலான் நூல், சிறு குறடு, நான்கு ஊக்கு, சிறிது கயிறு ஆகிய இவையனைத்தும் ஒரு சோப்புப் பெட்டியில் அடங்கும். குழுவுக்கு ஒரு பெட்டி போதும். அதைச் சுமப்பவர் யாரென்பதைப் பேருந்து ஏறுமுன் முடிவு செய்துகொள்க. எமது குழுவில், அன்று முழங்காலிற் காயமுற்றவரே அதனைக் கேட்டு வாங்கிக்கொண்டார். இனிப்புப் பொட்டலத்தையும் அவர் விட்டாரில்லை.